குறை வயிற்றோடு இறங்கிய வண்டி

காலை ஏழு மணிக்குச் செங்கம் பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்ற அந்த வெள்ளை வேனை நான் இரண்டு முறை தாண்டிப் போய்விட்டேன். கிளம்பப் போகிற வண்டி என்றால் உறுமிக்கொண்டு நிற்கும், புகை விடும், ஒருவன் கதவைத் தட்டி ஊர்ப் பெயரைக் கூவுவான் என்பது ஐம்பத்து நான்கு வருடப் பழக்கம் எனக்கு. இது சத்தமில்லாமல் நின்றது.

"அக்கா, வேலூர்லேர்ந்து போன் பண்ணது நீங்கதான? ஏறுங்க, வண்டி ஸ்டார்ட்லதான் கீது."

ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தவர் மஞ்சுளா. முப்பத்தைந்து வயதிருக்கும். அடிவாரத்தில் பரமனந்தல் பக்கம் வீடு. எட்டு வருடம் இதே மலைப்பாதையில் சொந்த டீசல் ஜீப் ஓட்டியவர், போன ஆவணியில் அதை விற்றுவிட்டு இந்த மின்சார வேனுக்கு மாறியிருந்தார். வேன் அடிவாரத்து உழவர் குழு ஒன்றுக்குச் சொந்தம். அதற்கு மின்சாரம் போடுவது மலைமேல் ஒரு கொட்டகை. கொட்டகையின் கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். ஜவ்வாது மலைக்கு டீசல் வேண்டுமென்றால் அதையும் இன்னொரு டீசல் வண்டிதான் கேனில் கட்டி ஏற்றிப்போக வேண்டும். அந்தக் கூத்துக்கு ஒரு முடிவு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான், அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத நான் கிளம்பி வந்தேன். மலைப்பாதை என்றாலே வயிற்றைப் புரட்டும் பிறவி நான் என்பதை அந்த உற்சாகத்தில் மறந்துவிட்டேன்.

"இன்னிக்குப் பாத்து வந்துட்டீங்களே" என்றார் மஞ்சுளா. பெருமையா புலம்பலா என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். வேன் ஓடத் தொடங்கி ஐந்தாறு மாதமாகியும் மேலே இருக்கிற ஊர்க்காரர்கள் தங்கள் சாமை மூட்டையை அதில் ஏற்றுவார்களே தவிர, தாங்கள் ஏற மாட்டார்கள். மூட்டை போனால் போகட்டும், உயிர் போனால் என்ன செய்வது என்கிற நியாயம். அன்றுதான் முதல் முறையாக ஆட்கள் இறங்கப் போகிறார்கள், அதுவும் ஊர் நாட்டாமையே முன்னால் உட்கார்ந்து. செங்கம் வரை வந்து பார்த்து அவர் சரி என்றால் இனி ஊருக்கு இந்த வேன். வேண்டாம் என்றால் பழைய ஜீப்புதான். குழு இந்த வேனைச் சமவெளியில் காய்கறி ஏற்றக் கொண்டுபோய்விடும்.

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு இன்னாக்கா? ஜீப்பையும் வித்துட்டேன். வூட்ல உக்காந்துனு சீரியல் பாக்க வேண்டியதுதான்." சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

ஏழே காலுக்குக் கிளம்பினோம். வேனில் நானும், மேலே கடைக்குப் போகிற உப்பு, எண்ணெய், சோப்பு அட்டைப்பெட்டிகளும்தான். கட்டணம் நாற்பது ரூபாய், ஜீப்பில் அறுபதாம். குப்பநத்தம் அணை பக்கத்துக் கரும்புக் காடுகளில் பனி இன்னும் விலகவில்லை. தை மாதக் குளிர். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை, அதில் பேட்டரி இருப்பைக் காட்டும் நூறு என்று ஒரு எண். சமவெளி முடியும்போது தொண்ணூற்று மூன்று.

மலை ஏறத் தொடங்கியதும் எண் மளமளவென்று குறைந்தது. எண்பத்தைந்து, எழுபத்தெட்டு, எழுபது. நான் ஜன்னலுக்கு வெளியே இருந்த பள்ளத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக அந்த எண்ணைப் பார்த்தேன். எண்ணைப் பார்த்தால் இன்னொரு பயம் வந்தது. "பாதி வழியில் தீர்ந்துபோனால்?" என்று கேட்டேன்.

"தீராது. மேல போய்ச் சேரும்போது அம்பதுக்குப் பக்கமா நிக்கும். மேல வெயில் ரொப்பிடும்."

இந்தச் சத்தமில்லாத ஏற்றம் ஒரு விசித்திரமான அனுபவம். ஜீப்பில் போனால் எஞ்சின் கூச்சலில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. இங்கே மூங்கில் உரசுவது கேட்கிறது, எங்கோ தண்ணீர் விழுவது கேட்கிறது. ஒரு வளைவில் எதிரே ஒரு ஜீப் இறங்கி வந்தது. முதல் கியரில், கரகரவென்று உறுமிக்கொண்டு, பின்னால் கரும்புகையோடு. மஞ்சுளா ஒதுங்கி வழி விட்டார். ஜீப் ஓட்டுநர் கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

"அந்த உறுமல்தான் இவங்களுக்கு நம்பிக்கை. எஞ்சின் புடிச்சு இழுக்குது, வண்டி ஓடிப்போவாதுன்னு. என் வண்டி உறுமாதே. அதான் பேஜாரு" என்றார்.

பத்து மணிக்கு ஊருக்கு வந்து சேர்ந்தோம். எண் ஐம்பத்து மூன்று. ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளுமாக ஒரு சரிவில் பரந்து கிடக்கிற மலையூர். அதற்கப்பால் ரோடு ஜமுனாமரத்தூர் போகிறது. ஊரின் முகப்பிலேயே சூரியத் தகட்டுக் கொட்டகை. அதைப் பார்த்துக்கொள்பவர் சின்னப்பாப்பா, நாற்பதைத் தாண்டியவர், கணீரென்ற குரல். வேன் நின்றதும் நிற்காததுமாகத் தடித்த கறுப்பு ஒயரை இழுத்து வந்து சொருகிவிட்டு, முன்பக்கக் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். மாட்டைத் தடவிக்கொடுப்பவரைப் போல அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். அப்புறம்தான் எங்களைப் பார்த்தார்.

"வாம்மா. சாப்புடு மொதல்ல."

பத்து மணிக்குச் சாப்பாடா என்று நான் இழுத்தேன். அது எடுபடவில்லை. சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் தட்டில் மலையாகக் குவிந்தது. முடித்ததும் மறுபடி. போதும் என்று கையைக் குறுக்கே வைத்தேன். கைமேலேயே விழுந்துவிடும் போல இருந்ததால் எடுத்துவிட்டேன். இந்த ஊர் வழியாக யார் போனாலும், பேருந்து ஓட்டுநரானாலும் கணக்கெடுக்க வந்தவரானாலும், வயிறு முட்டாமல் அனுப்புவதில்லையாம். யாராவது குறை வயிற்றோடு மலை இறங்கினார்கள் என்றால் அடுத்த ஊரில் அதைச் சொல்லிக் காட்டுவார்களாம். புரண்டுகொண்டிருந்த என் வயிறு, வேறு வழியில்லாமல் அடங்கிவிட்டது.

பதினொன்றரை மணிக்கு நாட்டாமையிடமிருந்து அழைப்பு வந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள், மஞ்சுளா வர வேண்டும். மஞ்சுளாவின் முகம் இறுகியது. எப்போதும் வேனின் எண் எண்பதைத் தொட்டதும் அவரே ஒயரைப் பிடுங்கிவிடுவாராம். எழுந்து போகும்போது சின்னப்பாப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது:

"யக்கா, எண்பது வந்தா புடுங்கிடு. மறந்துடாத."

"நீ போ. நான் பாத்துக்கறேன்."

வராந்தாவில் பத்துப் பேர் இருந்தார்கள். நாட்டாமை அறுபது வயதுக்காரர், சின்ன உருவம், ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எடுத்து வைக்கிற ஆள். பக்கத்தில் குமரேசன் என்ற இளைஞர். ஊர்த் தேனைத் தகர டின்களில் செங்கத்துக்குக் கொண்டுபோய் விற்பவர். அவருக்கு இந்த வேன் பிடிக்கவில்லை என்பதை மறைக்கவில்லை.

"ஏத்தத்துல வந்துடும், சரி. எறங்கும்போது?" என்று கேட்டார் நாட்டாமை. "ஜீப்புன்னா கியருல நிக்கும். உன் வண்டியில கியரும் இல்ல, சத்தமும் இல்ல. எறக்கத்துல இன்னாத்த புடிச்சு நிறுத்துவ?"

"மோட்டாரே புடிக்கும்ங்க" என்றார் மஞ்சுளா. "ஏறும்போது பேட்டரிலேர்ந்து எடுத்து சக்கரத்த சுத்துது இல்லிங்களா? எறங்கும்போது சக்கரம் மோட்டார சுத்தும். அது திரும்ப கரண்ட்ட பேட்டரிக்கு அனுப்பும். அந்த இழுவையில வண்டி தானா மெதுவாவும். நான் பிரேக்குல கால் வைக்கறதே கம்மி."

"கால் வைக்காம எறக்கிடுவியா?" என்றார் குமரேசன்.

"பெரிய வளைவுல லேசா தொடுவேன். மத்தபடி வைக்காம எறக்கறேன். பாருங்க."

எல்லார் முன்னாலும் கொடுத்த வாக்கு அது. எனக்கே கொஞ்சம் திக்கென்றது. பிரேக் என்று ஒன்று இருக்கும்போது அதில் கால் வைக்க மாட்டேன் என்று ஒரு ஓட்டுநர் சொன்னால் என்னைப் போன்றவள் என்னவென்று நினைப்பாள்?

பேச்சு நீண்டது. கட்டணம், மழைக்காலம், ராத்திரி அவசரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இரண்டு மணிக்குத்தான் எழுந்தோம். வேனில் ஏழு சாமை மூட்டையும் தேன் டின்களும் ஏற்றியாகிவிட்டது. ஒயர் பிடுங்கிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஊர் ஆட்கள் முதல் முறை ஏறுகிறார்கள் என்பதற்காக வண்டிக்குச் சந்தனம், குங்குமம், தேங்காய் உடைப்பு எல்லாம் நடந்தது. கனமான சாமந்தி மாலை ஒன்றை நாட்டாமையே தன் கையால் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்த திரைமேல் தொங்கவிட்டார். ஓட்டுநருக்கு எதிரே போட்டால்தானே சாமிக்குப் போட்ட மாதிரி. நான் அதைப் படம்கூட எடுத்தேன்.

நாட்டாமை முன்னால். குமரேசனும் மூன்று பெண்களும் நானும் பின்னால். சின்னப்பாப்பா கொட்டகை வாசலில் நின்று வேன் மறையும் வரை கையாட்டினார்.

இரண்டு கிலோமீட்டர் ஏறக்குறையச் சமதரை. அதில் எங்கோ 'பீப், பீப்' என்று ஒரு சத்தம் கேட்டது. குமரேசன் தன் போனை எடுத்துப் பார்த்தார். நானும் என் பைக்குள் துழாவினேன். யாருடைய போனும் அல்ல.

இறக்கம் தொடங்கியது. முதல் வளைவு வருவதற்கு முன்பே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சுளாவின் தோள்பட்டை மேலே ஏறியது. காலையில் ஏறும்போது ஒரு கையால் ஓட்டியவர் இப்போது இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். வேன் மெதுவாகவில்லை. ஒரே சீராக, சத்தமேயில்லாமல், வேகம் கூடிக்கொண்டே போனது. மஞ்சுளா பிரேக்கை மிதித்தார். வேன் குலுங்கி வேகம் குறைந்தது. காலை எடுத்தார். மறுபடி ஓடியது. மறுபடி மிதித்தார்.

"கால் வைக்க மாட்டேன்னியே" என்றார் நாட்டாமை.

முதல் கொண்டை ஊசி வளைவை ஒடித்துத் திருப்பியபோது மூட்டைகள் சரிந்து என் காலில் மோதின. இரண்டாவது வளைவு. மூன்றாவதுக்கு முன்னால் ரப்பர் தீய்வது போன்ற நெடி அடித்தது. பின்னால் ஒரு பெண் "யப்பா, யப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இடது பக்கம் மலைச்சுவர், வலது பக்கம் மரங்களின் உச்சிகள் மட்டும் தெரிகிற பள்ளம். என் மகளிடம் எந்த மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேனா என்று யோசித்தேன்.

மஞ்சுளா ஒரு கையால் மாலையைப் பிடித்து இழுத்து ஒதுக்கினார். திரை தெரிந்தது. தொண்ணூற்றொன்பது. அதன் கீழே மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒரு விளக்கு. அந்த 'பீப்' சத்தம் இதிலிருந்துதான் வந்திருக்கிறது.

"ஐயையோ" என்றார். அவ்வளவுதான்.

பிறகு அவர் செய்தது எல்லாம் வேகமாக நடந்தது. "கெட்டியா புடிச்சுக்குங்க" என்று கத்தினார். பிரேக் மிதி தரைவரை போனதை நான் பார்த்தேன். அதை இரண்டு மூன்று தடவை அடித்து மிதித்து, கைப்பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வேனை இடது பக்கமாக, மலைச்சுவரை ஒட்டியிருந்த வாய்க்காலுக்குள் இறக்கினார். இடது சக்கரங்கள் மண்ணில் புதைந்து உழுதுகொண்டு போயின. கல்லில் தகரம் கிழியும் சத்தம். பக்கத்துக் கண்ணாடி உடைந்து பறந்தது. வேன் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

யாரும் சாகவில்லை. குமரேசனின் தேன் டின் ஒன்று உடைந்து என் செருப்பெல்லாம் தேன். எல்லாரும் இறங்கினோம். முன்சக்கரத்திலிருந்து வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. புகையே விடாத வண்டி என்று எழுதப் போகிறேன் என்று காலையில் நினைத்தது நினைவுக்கு வந்து எரிச்சலாக இருந்தது.

குமரேசன்தான் முதலில் வாயைத் திறந்தார். "மோட்டார் புடிக்கும், மோட்டார் புடிக்கும்னியே, எங்க புடிச்சிச்சு? எங்கள கொன்னுருப்ப!"

மஞ்சுளா சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. "பேட்டரி ரொம்பி வழியுது. எறங்கும்போது வர்ற கரண்ட்டுக்கு உள்ள எடம் இல்ல. எடம் இல்லன்னா மோட்டார் புடிக்காது. பிரேக்கு ஒண்ணாலயே எறங்கி அது சூடாயிடுச்சு." நிமிர்ந்து நாட்டாமையைப் பார்த்தார். "கெளம்புறதுக்கு முன்னாடி நம்பர பாத்திருக்கணும். பாக்கல. என் தப்புதாங்க."

எண்பதில் பிடுங்கச் சொன்னது எனக்குத் தெரியும். அதைப் பிடுங்காதது யார் என்பதும் தெரியும். மஞ்சுளா என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதீர்கள் என்கிற பார்வை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த ஒரு பயணத்தில்தானே இவருடைய பிழைப்பே இருக்கிறது, யாருக்காக இந்தப் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறார்? ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

குமரேசன் போனில் ஜீப்பைக் கூப்பிட்டார். ஜமுனாமரத்தூரிலிருந்து வர ஒன்றரை மணி நேரமாகும், ஊருக்கே வந்துவிடுங்கள் என்றார்கள்.

பிரேக் ஆறக் காத்திருந்தோம். மிதி மறுபடி கெட்டியான பிறகு, எல்லாரும் சேர்ந்து தள்ளி வேனை வாய்க்காலிலிருந்து வெளியே எடுத்தோம். அப்புறம் மஞ்சுளா சொன்னதைக் கேட்டு எல்லாரும் விழித்தோம்.

"கீழ போவணும்னா இப்ப மேல போவணும். ஏறுனாதான் பேட்டரி கொறையும்."

வேன் மூட்டையோடு மேலே ஏறியது. நாங்கள் அதன் பின்னால் நடந்தோம். ஒருவரும் அதில் ஏறத் தயாராக இல்லை. இறங்கும்போது அப்படி ஓடிய வண்டி, ஏறும்போது ஆட்டுக்குட்டி மாதிரி அடக்கமாகப் போயிற்று.

ஊருக்கு வந்து சேரும்போது நாலு மணி. கண்ணாடி போன, பக்கவாட்டில் கீறல் விழுந்த வேனைப் பார்த்து ஊரே கூடிவிட்டது. சின்னப்பாப்பா ஓடி வந்தார். "இன்னா ஆச்சு மஞ்சு? இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. பிரேக்கு சூடாயிடுச்சு."

"பேட்டரி ரொம்பிப்போச்சாம்!" என்றார் குமரேசன் ஊருக்கே கேட்கிற மாதிரி. "ரொம்புனா வண்டி நிக்காதாம். இப்டி ஒரு வண்டிய எங்கனா கேட்டிருக்கீங்களா?"

சின்னப்பாப்பாவின் கை முந்தானையோடு அப்படியே நின்றது. மஞ்சுளா அவர் பக்கம் திரும்பவே இல்லை. எதையோ தேடுகிற மாதிரி வேனுக்குள் குனிந்துகொண்டார். கூட்டத்தில் யாரும் சின்னப்பாப்பாவைப் பார்க்கவில்லை. பேசாமல் நின்றிருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும்.

"நான்தான் ரொப்புனேன்" என்றார் சின்னப்பாப்பா.

எல்லாரும் திரும்பினார்கள்.

"எண்பதுல புடுங்கச் சொல்லிச்சு. புடுங்குனேன். அப்பால பாத்தா வெயிலு சும்மா கொட்டுது. மறுபடியும் சொருவிட்டேன்." குரல் உடைந்தது. "மொத மொதல்ல நம்ம ஆளுங்க ஏறிப் போறாங்க. வழியில நின்னுபோச்சுன்னா மஞ்சுவுக்கு இந்த வண்டி போயிடும். கொறை வயித்தோட அனுப்புனா நம்ம ஊருக்குத்தான் அவமானம். யாரத்தான் நாம அப்டி அனுப்பியிருக்கோம்?"

அந்தக் கூட்டத்தில் இருந்த யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள்.

நாட்டாமை வேனின் கீறல் விழுந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு மஞ்சுளாவிடம் கேட்டார்: "கொறையா அனுப்புனா வழியில நிக்காதா?"

"எறங்கும்போது நிக்கவே நிக்காதுங்க. கொறையாதான் அனுப்பணும். எறங்க எறங்க அதுவே ரொப்பிக்கும். பாரம் ஜாஸ்தி இருந்தா ஜாஸ்தியா ரொப்பிக்கும்."

"இப்ப எவ்ளோ கீது?"

"தொண்ணூத்தி ரெண்டு."

"இன்னும் கொறை."

அடுத்த அரைமணி நேரம் அந்த ஊர் பார்த்த கூத்தை அதற்கு முன் பார்த்திருக்காது. பட்டப்பகலில் முகப்பு விளக்கு எரிய, ஏசி முழு வேகத்தில் ஓட, ஏழு சாமை மூட்டையோடு வேன் ஊர் மேட்டில் ஏறிச் சுற்றி வந்து மறுபடி ஏறியது. விருந்து சாப்பிட்டுவிட்டு ஜீரணமாக நடை போடுகிற ஆள் மாதிரி. பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை. எண்பத்து நாலுக்கு வந்ததும் மஞ்சுளா நிறுத்தினார். சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார், மிதியை மிதித்துப் பார்த்தார், வேனுக்கு அடியில் படுத்து எழுந்தார்.

அதே நேரம் ஜீப் வந்து நின்றது, உறுமிக்கொண்டு, நம்பிக்கையாக. குமரேசன் மிச்சமிருந்த தேன் டின்களை அதற்கு மாற்றினார். மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், என் கால் ஜீப்பை நோக்கித்தான் நகர்ந்தது. வேன் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மஞ்சுளா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற உரிமை தனக்குப் போய்விட்டது என்று நினைத்தாரோ என்னவோ.

சின்னப்பாப்பா கொட்டகையைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக வந்து வேனில் ஏறினார். இந்த ஐந்தாறு மாதமும் வண்டிக்குச் சோறு போட்டவர், அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை.

"நான் ரொப்புனதுக்கு நானே வர்றேன்" என்றார். "எடுடி."

நாட்டாமை மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். முன்கதவைத் திறந்து, திரைக்குப் பக்கத்தில் கசங்கிக் கிடந்த மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நம்பர நான் பாத்துனு வர்றேன். நீ ரோட்ட பாரு."

அப்புறம் நான் ஏறாமல் எப்படி இருப்பது? ஏறினேன்.

இறக்கம் தொடங்கியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மஞ்சுளா காலை எடுத்ததும், யாரோ பின்னாலிருந்து சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது போல வேன் மெல்லத் தயங்கியது. அவ்வளவு இதமான ஒரு தயக்கத்தை நான் எந்த வண்டியிலும் உணர்ந்ததில்லை. கண்ணைத் திறந்தேன்.

"எண்பத்தஞ்சு" என்றார் நாட்டாமை.

நாங்கள் விழுந்த வாய்க்கால் வந்தது. மண்ணில் உழுத தடம் அப்படியே இருந்தது. மஞ்சுளாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கால் பிரேக்குக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது, வைக்கவில்லை. வேன் அடக்கமாகத் தாண்டியது.

"எண்பத்தாறு."

ஒவ்வொரு எண்ணுக்கும் அவர் பேருந்து நடத்துநர் ஊர்ப் பெயர் சொல்வது போலச் சத்தமாகச் சொன்னார். எண்பத்தேழில் சின்னப்பாப்பா அழத் தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடிவாரத்தில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எண் தொண்ணூறு. ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தியதும் மஞ்சுளா ஸ்டீயரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நாட்டாமை இறங்கி வேனைச் சுற்றி வந்தார். பின்கதவைத் திறந்து மூட்டைகளைப் பார்த்தார். ஒரு மூட்டையை அழுத்தினார்.

"மேல விட்டதவிட இங்க ஜாஸ்தியா கீது. இதுங்க கனத்துல ரொம்பிச்சா?"

"ஆமாங்க."

"அப்ப ஏழு மூட்ட பத்தாது. அடுத்த வாரம் பத்து ஏத்து. நான் முன்சீட்டு."

மஞ்சுளா தலையை நிமிர்த்தவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

டீ பன்னிரண்டு ரூபாய். நாட்டாமை எங்கள் யாரையும் கொடுக்க விடவில்லை. சற்று நேரத்தில் ஜீப் எங்களைத் தாண்டிச் செங்கம் பக்கம் போனது. குமரேசன் எட்டிப் பார்த்தார், கையாட்டவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நடுவழியில் அந்த நெடியை முகர்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

செங்கத்தில் என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட வந்த மஞ்சுளா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, பிரேக்கு பொகஞ்சத எழுதாதீங்கக்கா. படிக்கறவங்க கரண்டு வண்டின்னாலே பயந்துடுவாங்க. இன்னிக்குத்தான் ஏதோ நடக்க ஆரம்பிச்சிருக்குது."

எனக்கும் அந்த ஆசை இருந்தது. மேலே வெயிலில் ரொப்பி, கீழே பாரத்தில் ரொப்பி, ஒரு சொட்டு டீசலில்லாமல் மலைக்குப் போய்வருகிற வண்டி. அதோடு நிறுத்தியிருந்தால் எவ்வளவு அழகான கட்டுரை! எங்கள் வேலூர்க் குடியிருப்பில், வண்டி நிறுத்துமிடத்தில் சார்ஜ் போட ஒரு பிளக் வைக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, தீப்பிடித்துவிடும் என்று கூச்சல் போட்டு அந்தப் பேச்சையே முடித்துவிட்டார்கள். இந்தக் கதையை எழுதினால் அவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

"எழுதும்மா" என்றார் பின்னாலிருந்து சின்னப்பாப்பா. "முழுசா எழுது. இன்னொரு மலையில இதே மாதிரி வண்டி வரும். அங்க எவளோ ஒருத்தி, பாவமாச்சேன்னு ரொப்பி அனுப்புவா."

வேலூர் பேருந்து நகர்ந்தது. ஊரின் பெயரை மட்டுமாவது எழுதாமல் விட்டுவிடுங்கள் என்று ஜன்னலருகே ஓடிவந்து கேட்டார் மஞ்சுளா. விட்டுவிட்டேன். சின்னப்பாப்பா தன் பெயரை விடச் சொல்லவில்லை.